மழை விழுந்த ஒன்பதாவது டேக்

“விடுங்க.”

“நீங்க விடுங்க.”

“நான்தான் முதல்ல தொட்டேன்.”

“தொட்டீங்க... நான் எடுத்தேன். தொடறது வேற, எடுக்கறது வேற.”

ஒரு பழைய இசைத்தட்டு. அதன் ஒரு முனை மெரெட்டின் விரல்களில்... மறு முனை முன்பின் தெரியாத ஒருவனின் விரல்களில்.

நவம்பர் பதினொன்று. கொலோன் நகரத்துக்கே கிறுக்குப் பிடிக்கிற நாள். காலை பதினொரு மணி பதினொரு நிமிஷத்துக்கு மாறுவேடத் திருவிழா தொடங்கியதிலிருந்து தெருவெல்லாம் கோமாளிகள், கரடிகள், ஒற்றைக்கண் கடற்கொள்ளைக்காரர்கள். கையில் பீர், வாயில் பாட்டு. டிராம் எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. போதாக்குறைக்கு மழை வேறு. குடை இல்லாமல் ஓரமாக நடந்துகொண்டிருந்த மெரெட்டை ஒரு கரடி வழிமறித்துக் கன்னத்தில் முத்தம் கொடுக்க வர, அவள் தப்பித்து, கண்ணில் பட்ட முதல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அது பழைய இசைத்தட்டுக் கடை. ஈரக் கோட்டோடு சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் ‘புதிதாக வந்தவை’ என்று எழுதிய பெட்டியைப் புரட்டினாள்...

நாலாவது தட்டு. அட்டையில் சாம்பல் நிறத்தில் நாலு முகங்கள். கிரெப்ஸ் இயற்றிய மூன்றாவது தந்தி நால்வர், நாலு தந்தி வாத்தியங்களுக்கான இசை. வாசிப்பு: ஹாவர்கம்ப் குழு. 1983.

கையை நீட்டினாள். அப்போதுதான் இந்தக் கை குறுக்கே வந்தது.

“ரெண்டு பேரும் அதைப் பாதியாப் பிய்ச்சிடாதீங்க கண்ணுங்களா.” கடைக்கார ஹில்டே கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள். அறுபது வயது. மூக்கில் சிவப்புக் கோமாளி மூக்கு. “இந்த மாதிரி ரெக்கார்டு என் கடையில வருஷக்கணக்குல தூங்கும். ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. இன்னிக்கு என்னடான்னா ரெண்டு பேர் சண்டை! நேத்து போட்டுக் கேட்டேன்... பூனை அலமாரிக்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு.”

“பூனை இல்ல ஹில்டே. நாலு பேர் வாசிக்கிறாங்க,” என்றான் அவன்.

“அப்ப நாலு பூனை!”

மெரெட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கினாள். அவன் அதைப் பார்த்துவிட்டான். நாற்பது வயது இருக்கும். நனைந்த தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. சிரிக்கும்போது இடது கண்ணுக்குக் கீழே மட்டும் ஒரு மடிப்பு... ஒரு பக்கக் கண் மட்டும் முதலில் சிரித்துவிட்டு மற்றதைக் கூப்பிடுவது போல.

“உங்களுக்கு எதுக்கு இது?” என்றாள்.

“விவாகரத்து ஆனப்போ என் பொண்டாட்டி சோபாவையும் இந்த ரெக்கார்டையும் எடுத்துட்டுப் போயிட்டா. சோபாவை நான் தேடல.”

“அவங்களுக்கு இந்த மாதிரி இசை பிடிக்குமா?”

“சுத்தமாப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்னுதான் எடுத்துட்டுப் போனா.”

இந்த முறை சிரிப்பை அடக்க முடியவில்லை. எத்தனை மாதமாயிற்று இப்படி வாய்விட்டுச் சிரித்து! விரல்கள் தாமாகத் தளர்ந்தன. தட்டு அவன் கைக்குப் போயிற்று. சரி, போகட்டும்... பாவம்...

அவன் அதைத் திருப்பி, பின்னட்டையைக் குழந்தையின் முதுகைத் தடவுவது போலத் தடவினான்.

“கடைசி நாலு நிமிஷம். வியோலா தனியா வாசிக்கிற இடம் இருக்கு பாருங்க... அதுக்காகத்தான். அதுக்கப்புறம் யாருமே அப்படி வாசிச்சு நான் கேக்கல.”

அவள் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது.

“அது வாசிப்பே இல்ல,” என்றாள்.

“என்ன?”

“தையல். நாப்பது துண்டை வெட்டி ஒட்டுப் போட்டது. யாரோ ஒருத்தன் பிளேடை வெச்சுக்கிட்டு தச்சது. அதைப் போய்...”

அவன் அவளை உற்றுப் பார்த்தான். மேகம் போட்ட ரைன் நதியின் நிறத்தில் இருந்த அந்தக் கண்களை முதலில். பிறகு அவன் பார்வை மெல்ல இறங்கி, இடது தாடைக்குக் கீழே, வயலின்காரர்களுக்கும் வியோலாக்காரர்களுக்கும் மட்டும் விழுகிற பழுப்புத் தழும்பில் நின்றது. அவன் முகமே மாறிவிட்டது.

“யார் சொன்னது, ஒட்டுப் போட்டதுன்னு?”

“எனக்குத் தெரியும்.”

“எனக்கும் தெரியும்.” குரல் தாழ்ந்தது. “அந்த டேப்பை வெட்டி ஒட்டினவன் நான்தான்.”

மெரெட் ஓரடி பின்வாங்கினாள்.

“நீங்களா... அந்தப் பிளேடு?”

“பேரு டில்மன். பிளேடுன்னும் கூப்பிடலாம்...”

அவள் சிரிக்கவில்லை. பதினாறு வருஷமாக முகம் தெரியாத ஒருவன் மேல் வளர்த்து வைத்திருந்த கோபம். இப்போது அதற்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. அதுவும் இப்படிச் சிரிக்கிற முகமாக... அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

“ரெக்கார்டு உங்களுக்கே. உங்க தையலை நீங்களே வெச்சுக்குங்க.”

கதவைத் திறந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. பின்னாலிருந்து அவன் குரல் கத்தியது:

“மழையைக் கேளுங்க! கொஞ்சம் நில்லுங்க... மழையை மட்டும் கேளுங்க!”

பைத்தியம், என்று நினைத்துக்கொண்டு கோமாளிகளுக்கு நடுவே ஓடினாள்.

*

வியோலா, வயலினுக்கு அக்கா மாதிரி. கொஞ்சம் பெரிய உடம்பு, கொஞ்சம் கரகரத்த குரல். நால்வர் குழுவில் நடுவில் உட்கார்ந்து, எல்லாரையும் தாங்கிக்கொண்டு, கைதட்டலை மட்டும் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கிற வாத்தியம். மெரெட் அதைப் பதினோரு வயதிலிருந்து காதலித்தாள்.

அந்த வியோலாவுக்கென்றே இசையமைப்பாளர் கிரெப்ஸ் ஒரு நாலு நிமிஷம் எழுதிவைத்தார். அதைக் கண்ட மற்ற வியோலாக்காரர்கள் எல்லாம் ஓட்டமெடுத்தார்கள். வலது கை ஒரு வேகம், இடது கை இன்னொரு வேகம். வில்லை மரம் முனகுகிற வரை அழுத்த வேண்டும். அதே சமயம் சுண்டு விரலால் தந்தியைச் சுண்ட வேண்டும். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் முடி அளவு இடைவெளி... அதிலும் நாலு படி. “இது மனுஷங்க வாசிக்கிறதுக்கு எழுதினது இல்ல சார்,” என்று அவரிடமே சொன்னாள். கிழவர் மீசைக்குள் சிரித்தார். “தெரியும். அதனாலதான் உன்கிட்ட கொடுத்தேன்.”

எண்பத்து மூன்று அக்டோபர். ஊருக்கு வெளியே, கற்பலகைக் கூரை போட்ட ஒரு பழைய தேவாலயத்தில் பதிவு. இருபத்தேழு வயது மெரெட், இடுப்பு வரை தொங்குகிற பின்னலோடு, கம்பளிக் காலுறையோடு, குளிரில் விரல்களை ஊதி ஊதிச் சூடேற்றிக்கொண்டு... இப்போது நினைத்தால் யாரோ ஒரு தங்கையை நினைப்பது போல இருந்தது.

எட்டு டேக் வாசித்தாள். எட்டும் ஏதோ ஓர் இடத்தில் உடைந்தன. ஒன்பதாவதில் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். எங்கே தொடங்கினாள், எப்படி முடித்தாள்... ஒன்றும் நினைவில்லை. பிறகு பக்கத்து அறையிலிருந்து ஒலிபெருக்கி வழியாகப் பதிவுத் தலைவர் ஸ்டெஃபன்ஸின் சலித்துப்போன குரல்: “போதும். துண்டுங்க போதுமான அளவு இருக்கு. நாங்க பாத்துக்கறோம்.”

துண்டுங்க...

தட்டு வெளிவந்தது. பத்திரிகைகள் அந்த நாலு நிமிஷத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடின. முதல் வயலின் ஹாவர்கம்ப் வீட்டில் விருந்து வைத்தான். ஒயினும் பேச்சுமாக எல்லாரும் இரைந்துகொண்டிருக்க, அவள் முதலும் கடைசியுமாக அதைக் கேட்டாள். அற்புதமாக இருந்தது. அவளால் ஒருநாளும் வாசிக்க முடியாத அளவுக்கு. ஹாவர்கம்ப் அவள் தோளைத் தட்டி, “தையக்காரனுக்கு ஒரு பரிசு கொடுக்கணும், மெரெட்!” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மேடையிலும் அந்தத் தட்டோடு போட்டி. பான் நகரக் கச்சேரியில் இரண்டாவது நிமிஷத்தில் வலது கை கல்லாகிவிட்டது. எழுந்தாள். நடந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. பின்னலை வெட்டினாள். ஒரு இசைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு வில் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை. வாழ்க்கை ஓடிவிட்டது.

போன மாதக் கடைசியில் கிரெப்ஸ் இறந்துபோனார். ஹாவர்கம்ப் தொலைபேசியில் அழைத்தான். குரல் கிழவனாகியிருந்தது.

“நினைவுக் கச்சேரி வெக்கிறோம். இருபத்தோராம் தேதி, ஞாயித்துக்கிழமை. அந்தக் கடைசி நாலு நிமிஷத்தை நீதான் வாசிக்கணும்னு எழுதி வெச்சிருக்காரு.”

“என்னால முடியாது.”

“திங்கக்கிழமை வரைக்கும் யோசி. அதுக்கு மேல வேற ஆளைப் பாக்கணும்.”

யோசித்துக்கொண்டேதான் கரடியிடம் மாட்டினாள்.

*

இரண்டு நாள் அந்தக் குரல் விடவில்லை. மழையைக் கேளுங்க... மழையைக் கேளுங்க... என்ன மழை? எங்கே மழை? சனிக்கிழமை காலை, உருளைக்கிழங்கு வாங்கத்தான் வெளியே கிளம்பினாள். கால்கள் ஹில்டேயின் கடை வாசலில் போய் நின்றன.

“வா கண்ணு. வருவேன்னு தெரியும்.” இன்று மூக்கு சொந்த மூக்காக இருந்தது. கல்லாவுக்கு அடியிலிருந்து தட்டை எடுத்து நீட்டினாள். “அவன் வாங்கல. ‘அந்தச் சாம்பல் கண்ணு வந்தா கொடு’ன்னு சொல்லி, தொட்டுக்கூடப் பாக்காம போயிட்டான். பதினோரு வருஷமாத் தேடின ரெக்கார்டு... கிறுக்கன்.”

“என்கிட்ட ரெக்கார்டு பிளேயர் இல்ல.”

“அதோ இருக்கு. ஹெட்ஃபோனை மாட்டிக்கோ. பூனைச் சத்தம் எனக்கு வேணாம்.”

மெரெட் உட்கார்ந்தாள். ஊசியைக் கடைசிப் பகுதியில் இறக்கினாள். ஊசி ஒருமுறை தடுக்கிற்று.

வியோலா தொடங்கியது.

முதலில் விரல்களைத்தான் தேடினாள். எங்கே ஒட்டு... எங்கே பிளேடு... பிறகு அவன் சொன்னது ஞாபகம் வந்தது. கண்களை மூடிக்கொண்டு, வியோலாவை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் கேட்டாள். அந்தத் தேவாலயத்தின் காலியான காற்றை... யாரோ நாற்காலியில் அசைவதை...

டொக்.

ஒரு துளி. கற்பலகைக் கூரையின் மேல்.

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு இரண்டு... மூன்று... தூரத்தில் யாரோ அரிசி சலிப்பது போல. வியோலா முனகி எழ எழ, மழையும் அடியில் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே வந்தது. எங்கும் குதிக்கவில்லை. எங்கும் அறுபடவில்லை. முதல் துளியிலிருந்து கடைசியில் கூரையே இரைகிற வரை, ஒரே மழை. ஒரே மூச்சு.

நாப்பது துண்டை ஒட்டினால் மழையும் நாப்பது துண்டாகியிருக்குமே!

அப்படியென்றால்...

ஊசி உள்வட்டத்துக்குப் போய்விட்டது; தட்டு சுழன்றுகொண்டே இருந்தது. மெரெட் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஹில்டே ஒன்றும் கேட்காமல் ஒரு கோப்பைக் காப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அழுகை ஓய்ந்து அவள் நிமிர்ந்தபோது காப்பி ஆறிப்போயிருந்தது.

“அவர் எங்க இருப்பாரு?”

“வானொலி நிலையத்துல, மூணாவது மாடி. டேப் மிஷினு எல்லாத்தையும் தூக்கிட்டு கம்ப்யூட்டர் வெக்கிறாங்களாம். கடைசி மிஷினைக் கட்டிப்பிடிச்சுட்டு உக்காந்திருக்கான். திங்கக்கிழமை போ, இருப்பான்.”

*

திங்கட்கிழமை அவள் உள்ளே நுழைந்தபோது டில்மன் ஒரு நாடாவை விரல்களுக்கு நடுவே பிடித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான். நாடா நழுவித் தரையெல்லாம் பாம்பாகச் சுருண்டது. அதை எடுப்பதா, அவளுக்கு நாற்காலி போடுவதா என்று தெரியாமல் இரண்டையும் பாதி செய்தான்.

“கேட்டீங்களா?” என்றான்.

“கேட்டேன்.”

“ஸ்டெஃபன்ஸுக்கு அந்த டேக் பிடிக்கல. மழை விழுந்து கெட்டுப்போச்சு, மத்த எட்டுலேர்ந்து துண்டு எடுத்து ஒட்டுன்னாரு. ரெண்டு நாள் முயற்சி பண்ணேன். ஒட்டுச்சு... ஆனா உயிர் இல்ல. மூணாவது நாள் ஒன்பதாவது டேக்கை முழுசாப் போட்டுக் காட்டினேன். மனுஷன் கடைசி வரைக்கும் கேட்டுட்டு, ‘சரி, மழையோடயே போகட்டும்’னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. மத்த இடத்துல எல்லாம் நூத்தி எண்பத்தேழு வெட்டு. ஹாவர்கம்ப்புக்கு மட்டும் தொண்ணூறு. உங்க நாலு நிமிஷத்துல ஒண்ணுகூட இல்ல.”

அவளுக்கு மகிழ்ச்சி வரவேண்டும். வந்தது கோபம்.

“இதை ஏன் எனக்கு யாரும் சொல்லல?”

“உங்களுக்குத் தெரியும்னு...”

“எப்படித் தெரியும்? துண்டு துண்டுன்னாங்க. தையக்காரன்னாங்க. நானும் நம்பினேன்! பதினாறு வருஷம்... என் கையையே நான் நம்பாம இருந்திருக்கேன், தெரியுமா உங்களுக்கு? ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தா...”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“சொல்ல வந்தேன்,” என்றான்.

“எப்போ?”

“பான்ல. அந்தக் கச்சேரிக்கு. அந்த டேக்கைப் பத்தி உங்ககிட்ட எப்படியாவது பேசிடணும்னு பணம் சேத்து டிக்கெட் வாங்கிட்டு வந்தேன். வாசிப்பு பாதியில நின்னதும் பின்பக்க வாசலுக்கு ஓடினேன். நீங்க அழுதுட்டே வெளியில வந்தீங்க. என்னைத் தாண்டித்தான் போனீங்க. நான்... ஒதுங்கி வழி விட்டேன். இருபத்தாறு வயசு. இவ்வளவு பெரிய கலைஞர்கிட்ட போய் நாம என்ன பேசறதுன்னு ஒதுங்கிட்டேன். அன்னிக்கு வழியை மறிச்சு நின்னிருக்கணும்.”

சாளரத்துக்கு வெளியே டிராம் மணி அடித்துப் போயிற்று. மெரெட் அந்த இரவை நினைத்தாள். கண்ணீருக்கு நடுவே கலங்கிய ஒரு விளக்கு, ஒரு படி, சுவரோரமாக யாரோ ஒருவன்... இருந்தானா? முகம் வரவில்லை. எவ்வளவு நெருக்கத்தில் கடந்து போயிருக்கிறோம்!

இவனை மன்னித்துவிடலாம் போல இருந்தது. அதுவே அவளைப் பயமுறுத்தியது. கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

“உங்க ஃபோன்ல ஒரு நிமிஷம் பேசலாமா?”

எண்களைச் சுழற்றினாள். “ஹாவர்கம்ப்... நான் மெரெட். வாசிக்கிறேன். இன்னொண்ணு... அன்னிக்கு தையக்காரன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?”

மறுமுனையில் ஹாவர்கம்ப்பின் குரல்: “தையக்காரனா? எப்போ சொன்னேன்? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையேம்மா...”

அவள் ரிசீவரை மெல்ல வைத்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒருத்தன் விளையாட்டாகச் சொல்லி மறுநாளே மறந்த ஒரு வார்த்தைக்கா தன் இத்தனை வருஷம்!

வாசலில் நின்று திரும்பினாள்.

“ஞாயித்துக்கிழமை, பகல் பதினோரு மணி. வந்து கேளுங்க. வெட்டறதுக்கு அங்க பிளேடு இருக்காது.”

“வர்றேன்,” என்றான் அவன். இரண்டு கண்களும் ஒரே சமயத்தில் சிரித்தன.

*

ஆறு நாள். பள்ளி முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஆறு நாள் வாசித்தாள். விரல் நுனிகள் பொத்துப்போய் மறுபடி கெட்டியாயின. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை சுவரைத் தட்டினார். மூன்றாம் நாள் அவரே ஒரு தட்டில் சூடாக உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கூழும் கொண்டுவந்து கொடுத்து, “சாப்பிட்டுட்டு முனகும்மா,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. இறந்தவர்களை நினைக்கிற நாள். மாலைகளோடு கல்லறைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், சிறிய அரங்கத்துக்குள் நுழைகிறவர்கள் ஒரு பக்கம். அறுபது பேர் இருக்கும். மேடையில் பழைய நால்வர். ஹாவர்கம்ப்பின் தலை முழுக்க வெளுத்திருந்தது. செல்லோக்காரருக்கு மூக்குக் கண்ணாடி இரண்டு ஆகியிருந்தது. மெரெட் மூன்றாவது வரிசையில் அவனைக் கண்டாள். கழுத்துப்பட்டை கோணலாக...

கடைசிப் பகுதி வந்தது. மற்ற மூவரும் வில்லைத் தாழ்த்தினார்கள்.

தொடங்கினாள்.

வலது கை கல்லாகவில்லை. ஆனால் அந்தத் தட்டில் இருந்த பெண்ணும் வரவில்லை. அவள் வேகமாகப் போன இடத்தில் இவள் நிதானித்தாள். அவள் கத்திய இடத்தில் இவளுக்குக் கத்தத் தோன்றவில்லை. மூன்றாவது நிமிஷத்தில் ஒரு தந்தி சுருதி இறங்கிவிட்டது. நடுங்கிப்போனாள். ஒரு கணம்... ஒரே கணம். பிறகு அந்த இறங்கிய சுருதியையே பிடித்துக்கொண்டு, மற்ற விரல்களை அதற்குத் தக்கபடி இழுத்துக்கொண்டு போனாள். கிரெப்ஸ் இருந்திருந்தால் மீசைக்குள் என்ன செய்திருப்பாரோ!

வில் தந்தியை விட்டு எழுந்தது. யாரும் கைதட்டவில்லை. முன் வரிசையில் கிரெப்ஸின் மனைவி, தொண்ணூறை நெருங்கும் கிழவி, தன் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள். பிறகு அவள்தான் முதலில் தட்டினாள்.

*

வெளியே வந்தபோது குளிர்ந்த வெயில். படிக்கட்டுக்குக் கீழே டில்மன் நின்றிருந்தான்.

“எப்படி இருந்துச்சு?” என்றாள். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

“அந்த ரெக்கார்டு மாதிரி இல்ல.”

“தெரியும்.” வியோலாப் பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “நீங்க பதினாறு வருஷமா மனசுல கேட்டுட்டு இருந்தது ஒரு இருபத்தேழு வயசுப் பொண்ணு. பின்னல் போட்டவ. பயமே தெரியாதவ. அவளைத் தேடித்தான் கடை கடையா அலைஞ்சீங்க. அவ இப்போ இல்ல டில்மன். நான் நாப்பத்து மூணு. சுருதி இறங்கிப்போச்சு, பாத்தீங்கல்ல? அதனால... நீங்க வந்ததுக்கு ரொம்ப நன்றி. கிளம்பறேன்.”

நகர்ந்தாள்.

அவன் அவள் முன்னால் வந்து, வழியை மறித்து நின்றான்.

“இந்தத் தடவை ஒதுங்கமாட்டேன்,” என்றான். மூச்சு வாங்கியது. “சொல்லிடறேன், அப்புறம் போங்க. அந்தப் பொண்ணு மேல எனக்கு ஆசை இருந்துச்சு. இல்லைன்னு சொல்லல. ஆனா அவளை எனக்கு மனப்பாடம். எந்த இடத்துல மூச்சு விடுவா, எங்க வில்லைத் திருப்புவா, எல்லாம் தெரியும். அவ என்னை ஒருநாளும் பயமுறுத்தினதே இல்ல.”

“அப்புறம்?”

“இன்னிக்கு அந்தத் தந்தி இறங்கினப்போ என் கையெல்லாம் வேர்த்துப்போச்சு. அடுத்து நீங்க என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியல. கடைசி வரைக்கும் தெரியல. என் வாழ்க்கையில இப்படி நான் எதையும் கேட்டதில்ல... மெரெட், மீதி இருக்கிற நாளெல்லாம் அடுத்து நீங்க என்ன செய்வீங்கன்னு தெரியாமலே பக்கத்துல இருந்து கேக்கணும்னு ஆசையா இருக்கு. அவ்வளவுதான். இப்போ போறதுன்னா போங்க.”

அவன் ஒதுங்கினான். காது நுனி இரண்டும் சிவந்திருந்தன. கல்லறைக்குப் போகிற ஒரு குடும்பம் பைன் மாலையோடு இருவருக்கும் நடுவே “மன்னிக்கணும்... மன்னிக்கணும்...” என்று கடந்து போயிற்று. அவர்கள் போய் முடிகிற வரை இருவரும் காத்திருக்க வேண்டியிருந்தது.

மெரெட் போகவில்லை. கோணலாக இருந்த அவன் கழுத்துப்பட்டையைப் பார்த்தாள். பெட்டியைத் தரையில் வைத்தாள். இரண்டு கைகளாலும் பட்டையை நேராக்கினாள். நேரானபிறகும் கைகளை எடுக்கவில்லை.

“இந்த ஆறு நாளும் கிரெப்ஸுக்காக வாசிக்கிறேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்,” என்றாள் மெதுவாக. “பக்கத்து வீட்டுக்காரர்கிட்டகூட அப்படித்தான் சொன்னேன். சுத்தப் பொய்.”

“பின்ன யாருக்காக?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ரைன் நதி நிறக் கண்களில் வெயில் விழுந்திருந்தது.

“உனக்காகத்தான்,” என்றாள்.

‘உங்களுக்காக’ இல்லை... ‘உனக்காக’. அந்த ஒற்றைச் சொல்லின் வித்தியாசம் அவன் காதில் விழுந்ததை, சிவந்து சிவந்து போன அந்த முகத்தில் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.